மச்சி, ட்ரீட் எங்கடா?

ராத்திரி மணி 12. ஹாஸ்டல் ரூம் கதவு 'டமால்'னு திறக்குது. போர்வையை உருவி, ஆளுக்கொரு கை காலைப் பிடிச்சுத் தூக்கி, முதுகுல பத்துப் பதினஞ்சு 'பம்ப்ஸ்'. அப்புறம் கேக். வாய்க்குள்ள போனதை விட காதுக்குள்ள போனது அதிகம். இமையில ஒட்டின க்ரீமைத் துடைச்சு முடிக்கறதுக்குள்ள கூட்டத்துல இருந்து ஒரு குரல் வரும்...

"மச்சி, ட்ரீட் எங்கடா?"

கவனிச்சீங்களா? 'ட்ரீட் உண்டா?'ன்னு யாரும் கேட்கறதில்லை. 'எங்க?' அதுதான் கேள்வி. உண்டுங்கறது பிறக்கும்போதே முடிவான விஷயம் மாதிரி!

அந்த 'எங்க'வுக்கு பதில், இப்பல்லாம் காலேஜ் கேன்டீன் இல்லை. ஏ.சி., மங்கலான லைட், டேபிள் நடுவுல கிரில், பர்த்டே பேபி பேரைக் கேட்டுட்டு வந்து கைதட்டிப் பாடற சர்வர்கள், கடைசியில ஒரு கறுப்பு ஃபோல்டருக்குள்ள மூடி வர்ற பில். பத்தொன்பது வயசுல இதெல்லாம் செம கெத்து. போட்டோவுக்கும் அழகா இருக்கும். ஆனா, அந்த ஃபோல்டரை யார் திறக்கறாங்க, திறக்கும்போது அவங்க முகம் எப்படி இருக்கு... அதை மட்டும் யாரும் போட்டோ எடுக்கறதில்லை. இந்த வாரம் அதைப் பத்திதான் பேசப் போறோம்.

மிட்டாயில் ஆரம்பிச்ச கதை

ஸ்கூல்ல நம்ம பர்த்டே பட்ஜெட் எவ்வளவு ஈஸி! கலர் டிரஸ். கையில சாக்லேட் டப்பா. அந்த டப்பாவைத் தூக்கிட்டுக் கூட வர்ற வேலைக்கு ஒரு பெஸ்ட் ஃப்ரெண்டு. அவனுக்குப் பாதி பீரியட் லீவு இலவசம். க்ளாஸ்ல ஆளுக்கு ஒண்ணு, டீச்சருக்கு ரெண்டு. எண்ணி வாங்கி, எண்ணிக் கொடுத்து, மிச்சத்தை சாயங்காலம் தங்கச்சிகிட்ட ஒப்படைச்சா கணக்கு முடிஞ்சது.

காலேஜ் போனதும் மிட்டாய் 'மொக்கை' ஆயிடும். அந்தக் காலத்து சென்னை மாணவர்களுக்கும் ட்ரீட் இருந்தது. கதீட்ரல் ரோட்டுல 1962-ல ஆரம்பிச்சு 2008-ல மூடின 'வுட்லண்ட்ஸ் டிரைவ்-இன்' பத்தி உங்க அப்பா, அம்மாவைக் கேளுங்க. கார்ல வந்து உட்கார்ந்தபடியே சாப்பிடறவங்களும் இருப்பாங்க. ஒரு காபியை வெச்சுக்கிட்டு மரத்தடியில ரெண்டு மணி நேரம் ஓட்டற காலேஜ் கூட்டமும் இருக்கும். (அந்த இடத்துலதான் இப்போ செம்மொழிப் பூங்கா. 2010 நவம்பர்ல திறந்தாங்க.) கொஞ்சம் காசு இருந்தா, 1951-ல தொடங்கின மவுன்ட் ரோடு புஹாரி. 'சிக்கன் 65 எங்க கிச்சன்லதான் பிறந்தது'ன்னு சொல்ற அதே புஹாரிதான்!

அந்த ட்ரீட்டுல ஒரு சௌகரியம் உண்டு. பாக்கெட்டுக்குத் தகுந்த மாதிரி ஆர்டர் பண்ணலாம். "ஆளுக்கு ஒரு தோசை, காபி 'பை டூ' போடுங்க அண்ணே"ன்னு சொல்லிட்டா சர்வரே புரிஞ்சுக்குவார்.

1996-ல பீட்சா ஹட், டொமினோஸ், மெக்டொனால்ட்ஸ் மூணுமே இந்தியாவுல கடை திறந்துட்டாங்க. 2006-ல மும்பையில முதல் 'பார்பெக்யூ நேஷன்'. டேபிள்லயே கிரில், அளவில்லாத ஸ்டார்ட்டர். மேசை மேல நிக்கற குட்டிக் கொடியை இறக்கினாத்தான் கொண்டு வர்றதை நிறுத்துவாங்க. சென்னையில 2010-ல எக்ஸ்பிரஸ் அவென்யூ, 2013-ல வேளச்சேரி ஃபீனிக்ஸ் மால்னு வந்ததும், சினிமா, ஷாப்பிங், சாப்பாடு மூணும் ஒரே கூரைக்குள்ள.

பஃபே வந்ததும்தான் ட்ரீட்டோட இலக்கணமே மாறிச்சு. பஃபேல தட்டுக்குக் காசு இல்லை... தலைக்குக் காசு! 'எனக்குப் பசிக்கலை, சும்மா உட்கார்ந்திருக்கேன்'னு சொல்ற தலைக்கும் முழுக் காசு. 'பை டூ' கிடையாது. எட்டு தலைன்னா எட்டு தலை. குறைக்கணும்னா, தோசையைக் குறைக்க முடியாது... ஃப்ரெண்டைத்தான் குறைக்கணும். அங்கதான் சிக்கலே.

ஒரு சின்ன கணக்கு, ப்ளீஸ்!

நம்ம கேங்குல எட்டு பேர்னு வெச்சுக்குவோம். தலைக்கு 900 ரூபாய் பஃபே. (இது உதாரணத்துக்கு. இதை விடக் கம்மியும் உண்டு, தலை சுத்தற ரேட்டும் உண்டு.) எட்டு பேருக்கு 7,200. ஜி.எஸ்.டி. 5 சதவீதம், 360. மொத்தம் 7,560 ரூபாய்.

வருஷத்துல எட்டு பர்த்டே. எட்டு பேரும் ஆளுக்கொரு தடவை 7,560 கட்டறீங்க. ஒவ்வொருத்தரும் எட்டு தடவை, தலைக்கு 945 ரூபாய் சாப்பாடு சாப்பிடறீங்க. எட்டு இன்ட்டு 945 எவ்வளவு? அதே 7,560!

அதாவது, யாரும் யாருக்கும் ஓசியில எதுவும் வாங்கித் தரலை பாஸ்! அவங்கவங்க சாப்பாட்டுக்கு அவங்கவங்களே காசு கொடுத்திருக்கீங்க. 'அவன் ட்ரீட், இவ ட்ரீட்'ங்கறதெல்லாம் சும்மா பில்டப்.

இதை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்குல்ல? ஆமா, நம்ம அம்மாக்கள் தெருவுல போடற சீட்டு! ஆனா அம்மாக்கள் புத்திசாலிங்க. மாசாமாசம் சின்னத் தொகை கட்டுவாங்க, தன் முறை வரும்போது பெரிய தொகையா கையில வாங்குவாங்க. நாம பண்றது தலைகீழ் சீட்டு. ஒரே நாள்ல பெரிய தொகையைக் கட்டிட்டு, வருஷம் முழுக்க அதைச் சின்னச் சின்னதா சாப்பிட்டுக் கழிக்கறோம்.

வசதியான வீட்டுப் பையனுக்கு ரெண்டு சீட்டும் ஒண்ணுதான். கார்டைத் தேய்ச்சுட்டுப் போயிட்டே இருப்பான். ஆனா, மாசம் இவ்வளவுன்னு கணக்குப் போட்டு வீட்டுல இருந்து பணம் வர்ற பசங்களுக்கு? அதுலயும் ஃபர்ஸ்ட் இயர்ல ஜூலை, ஆகஸ்ட்ல பிறந்த நாள் வந்துட்டா போச்சு. கேங் சேர்ந்தே முழுசா ஒரு மாசம் ஆகியிருக்காது. அதுக்குள்ள முதல் பில் உங்க தலையில. இன்னொரு பக்கம், மே மாசத்துல பிறந்த புண்ணியவான்கள் இருக்காங்க. செமஸ்டர் லீவுல சத்தமில்லாம ஒரு வயசு ஏறிட்டு வந்து, மத்த ஏழு பேர் ட்ரீட்டையும் ஒரு கை பார்ப்பாங்க. (நம்ம தாத்தாக்கள் பல பேருக்கு சர்டிஃபிகேட்ல ஜூன் மாசப் பிறந்த நாள் இருக்கும். ஸ்கூல்ல சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் போட்டுக் கொடுத்த தேதி. தீர்க்கதரிசிகள்!)

நோட்டீஸ் போர்டுல ஒரு பேர்

இப்போ நான் ஒரு விஷயம் சொல்லணும். எங்க கேங்கும் எட்டு பேர்தான்.

செகண்ட் இயர். எங்கள்ல ஒருத்தனுக்குப் பிறந்த நாள். வந்தவாசி பக்கத்துல கிராமம். அதுவரைக்கும் மூணு ட்ரீட்டுக்கு எங்களோட வந்து சாப்பிட்டிருக்கான். அதனால அவனால 'இல்லை'ன்னு சொல்ல முடியாது. அது எங்களுக்கும் தெரியும். "எங்கடா?"ன்னு கேட்டோம். "நீங்களே சொல்லுங்கடா"ன்னான். சொன்னோம். சனிக்கிழமை ராத்திரி, நுங்கம்பாக்கம், பெரிய இடம்.

நல்லா சாப்பிட்டோம். பாட்டு பாடினாங்க, தலையில ஒரு தொப்பி போட்டு விட்டாங்க. பில் வந்தது. எல்லாரும் போனை நீட்டிப் பணம் கட்டற இடத்துல அவன் மட்டும் சட்டைக்குள்ள கை விட்டு, ஒரு கவர்ல மடிச்சு வெச்சிருந்த ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை எடுத்தான். ரெண்டு தடவை எண்ணினான். "என்னடா, கல்யாண மொய்யா?"ன்னு ஒருத்தன் கேட்டான். எல்லாரும் சிரிச்சோம். அவனும்தான்.

மூணு வாரம் கழிச்சு ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டுல மெஸ் பாக்கி லிஸ்ட் ஒட்டினாங்க. அதுல அவன் பேர். "பெரிய மனுஷன் பேர் போர்டுல வந்துடுச்சுடா"ன்னு அதையும் கலாய்ச்சோம். கொஞ்ச நாள் ராத்திரி மெஸ்ஸுக்கே வரமாட்டான். 'டயட்'னான். நம்பினோம்.

ஃபைனல் இயர்ல பிறந்த நாளுக்கு முந்தின நாளே ஊருக்குக் கிளம்பிட்டான். போன் ஸ்விட்ச் ஆஃப். "எஸ்கேப்டா, கஞ்சன்"னு குரூப்ல மீம் போட்டோம். போட்டவங்கள்ல நானும் உண்டு.

காலேஜ் முடிஞ்சு ரெண்டு வருஷம் கழிச்சு, டீக்கடையில நிக்கும்போது அவனே சிரிச்சுக்கிட்டே சொன்னான். "அது மெஸ்ஸுக்குக் கட்டச் சொல்லி அப்பா கொடுத்து விட்ட காசுடா."

கவர் நோட்டையும் பார்த்தோம், போர்டுல பேரையும் பார்த்தோம். ரெண்டையும் கூட்டிப் பார்க்க எங்க ஏழு பேர்ல ஒருத்தனுக்கும் தோணலை. அத்தனை பேரும் இன்ஜினீயரிங் மேத்ஸ் பாஸ் பண்ணினவங்க!

அவன் யார்கிட்டயும் எதையும் கேட்கலை. கேட்டிருந்தா நாங்க நிச்சயமா இடத்தை மாத்தியிருப்போம். ஆனா கேட்க வேண்டிய நிலைமையில அவனை நிறுத்தினது நாங்கதானே? 'என்னால முடியாது'ங்கற வார்த்தையைப் பத்தொன்பது வயசுல ஏழு பேர் முன்னாடி சொல்றது சுலபம் இல்லை. அதைச் சொல்றதை விட ஒரு மாசம் ராத்திரி பட்டினி கிடக்கறது அவனுக்கு சுலபமா இருந்திருக்கு. இப்படி ஒருத்தன், ஒருத்தி உங்க கேங்குலயும் இருக்கலாம். பர்த்டே அன்னிக்கு மட்டும் 'ஜுரம்'னு லீவு போடறவங்க, பஃபேன்னதும் 'அத்தை வீட்டுக்குப் போறேன்'னு நழுவறவங்க... ஒருவேளை நிஜமாவே ஜுரமா இருக்கலாம். ஒருவேளை...

ஃபோல்டரைத் திறந்தா, முழுசா படிங்க!

சரி, எல்லாருக்கும் சம்மதம், எல்லாருக்கும் கட்டுப்படியாகுது, போயே ஆகணும்னு முடிவு பண்ணிட்டீங்களா? தாராளமா போங்க. ஆனா பில்லைப் படிக்கத் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க.

ஜி.எஸ்.டி: சாதாரணமா ரெஸ்டாரன்ட்டுகளுக்கு 5 சதவீதம். ஏ.சி. இருந்தாலும் அதேதான். (2017 ஜூலையில ஜி.எஸ்.டி. வந்த புதுசுல ஏ.சி. ஹோட்டலுக்கு 18 சதவீதமா இருந்தது. அதே வருஷம் நவம்பர்ல குறைச்சாங்க.) ஆனா, ரூம் வாடகை நாளுக்கு 7,500 ரூபாயைத் தாண்டற நட்சத்திர ஹோட்டலுக்குள்ள இருக்கற ரெஸ்டாரன்ட்னா 18 சதவீதம். நம்ம எட்டு பேர் கணக்குல 360 ரூபாயா இருந்த வரி அங்க 1,296 ஆயிடும். வெளியில போட்டிருக்கற ரேட்டோட வரியும் சேர்ந்திருக்கான்னு முதல்லயே கேளுங்க.

சர்வீஸ் சார்ஜ்: இது வரி இல்லை. அரசாங்கத்துக்குப் போகாது. இதைத் தானாவே பில்லுல சேர்க்கக் கூடாதுன்னு 2022 ஜூலை 4-ம் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிடுச்சு. ரெஸ்டாரன்ட் சங்கங்கள் இதை எதிர்த்து டெல்லி ஹைகோர்ட்டுக்குப் போனாங்க. 2025 மார்ச் 28-ல அவங்க மனுக்களைக் கோர்ட் தள்ளுபடி பண்ணிடுச்சு. 7,200 ரூபாய் பில்லுல 10 சதவீதம்னா 720 ரூபாய். 'எடுத்துடுங்க சார்'னு மரியாதையா கேளுங்க. மறுத்தா, தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915. அதே நேரம், ஓடி ஓடிப் பரிமாறின அண்ணனுக்கு நீங்களா விரும்பிக் கொடுக்கற டிப்ஸ் வேற விஷயம். அதைக் கையில கொடுங்க.

தண்ணி பாட்டில்: உட்கார்ந்ததும் சீல் பாட்டிலைத் திறக்க வருவாங்க. ஹோட்டல்ல பரிமாறற பாட்டில் தண்ணிக்கு எம்.ஆர்.பி.யை விட அதிகம் வாங்கலாம்னு 2017 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. "சாதா தண்ணி போதும்ணே"ன்னு முதல்லயே சொல்லிடுங்க. கூச்சமே படாதீங்க.

கேக்: வெளியில இருந்து கேக் கொண்டு வரலாமா, அதுக்குத் தனியா சார்ஜ் உண்டா? டேபிள் புக் பண்ணும்போதே கேளுங்க. சில இடங்கள்ல சின்ன கேக் அவங்களே தருவாங்க.

டைம்: வார நாள் மதியம் பெரும்பாலான பஃபேக்கள்ல ரேட் கம்மி. சனி, ஞாயிறு ராத்திரி அதிகம். லேடீஸ் ஹாஸ்டல் பொண்ணுங்க கேட் மூடற நேரத்துக்கு பயந்து மதியமே போறது நம்ம பசங்களுக்குக் கேலியா இருக்கும். பர்ஸுக்கு நல்லது அதுதான் தம்பிகளா!

'அந்த' ஐட்டம்: தமிழ்நாட்டுல மதுவுக்குச் சட்டப்படி வயசு 21. பத்தொன்பது வயசு பர்த்டேல அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

அந்தப் பாட்டுக்கும் ஒரு பில் இருந்தது!

ரெஸ்டாரன்ட்ல சர்வர்கள் கைதட்டிப் பாடற 'ஹேப்பி பர்த்டே' பாட்டோட மெட்டு, அமெரிக்காவுல கென்டக்கியைச் சேர்ந்த மில்ட்ரெட் ஹில், பேட்டி ஹில்னு ரெண்டு சகோதரிகள் போட்டது. பேட்டி சின்னக் குழந்தைகளுக்கு டீச்சர். 1893-ல வந்தப்போ அது வகுப்புல குழந்தைகளுக்குக் காலை வணக்கம் சொல்ற பாட்டு. பிறந்த நாள் வரிகள் பின்னாடி வந்து ஒட்டிக்கிச்சு. அந்த வரிகளுக்குக் காப்பிரைட் எங்களுதுன்னு வார்னர் சாப்பல் கம்பெனி ரொம்ப வருஷம் காசு வசூல் பண்ணிச்சு. அதுக்கு பயந்தே அமெரிக்காவுல பல ரெஸ்டாரன்ட்டுகள் தங்களுக்குன்னு சொந்தமா ஒரு பர்த்டே பாட்டு கட்டி வெச்சிருந்தாங்க. 2015-ல ஒரு ஃபெடரல் நீதிபதி 'அந்த உரிமை செல்லாது'ன்னார். 2016-ல 1 கோடியே 40 லட்சம் டாலருக்கு சமரசம் ஆச்சு. இப்போ பாட்டு ஃப்ரீ. ட்ரீட்டுல இலவசமா கிடைக்கற ஒரே ஐட்டம் அதுதான்!

அப்போ ட்ரீட்டே வேண்டாமா?

யார் சொன்னா? எட்டு பேர் ஒரு மேசையைச் சுத்தி உட்கார்ந்து, ஒருத்தன் தட்டுல இருந்து இன்னொருத்தன் திருடிச் சாப்பிடற சுகம் காலேஜ் முடிஞ்சா கிடைக்காது. ட்ரீட் வேணும். தலைகீழா இருக்கற சீட்டை நேராக்கினா போதும்.

ஒரு வழி: கேங் ஆரம்பிக்கும்போதே மாசம் ஆளுக்கு 100 ரூபாய் ஒருத்தர்கிட்ட கட்டுங்க. எட்டு பேர், பன்னிரண்டு மாசம், 9,600 ரூபாய். ஒரு பர்த்டேக்கு 1,200, தலைக்கு 150. இதுல நட்சத்திர பஃபே வராது. சாயங்கால டிபன் வரும், தள்ளுவண்டி பிரியாணி வரும், பெசன்ட் நகர் பீச் வரும். முக்கியமா, எட்டு பேரும் வருவாங்க. வருஷத்துல ஒரு தடவை பெரிய இடம் போகணுமா? எட்டு பர்த்டேவுக்கும் சேர்த்து, எல்லாரும் ஒரே நாள்ல போங்க.

இன்னொரு வழி: பர்த்டே பேபிக்கு மத்த ஏழு பேர் வாங்கிக் கொடுங்க. அதே 7,560-ஐ ஏழால வகுத்தா ஆளுக்கு 1,080. ஏழு தடவை கொடுத்தா, வருஷக் கடைசியில அதே 7,560தான்! ஆனா ஒரே நாள்ல ஒருத்தர் தலையில விழாது. பிறந்த நாள் அன்னிக்கு ஒரு நாளாவது அந்த ஆள் ஃபோல்டரைப் பார்க்காம நிம்மதியா சாப்பிடலாம்.

இதெல்லாம் செட் ஆகலைன்னா ஒரே ஒரு ரூல் மட்டும் வெச்சுக்குங்க. பர்த்டே பேபி சொல்ற இடம்தான் இடம். "கேன்டீன்ல ஆளுக்கு ரெண்டு சமோசா"ன்னா, ரெண்டு சமோசா. ஏன்னு கேட்கக் கூடாது. 'கஞ்சன்' பட்டம் கூடாது. வரலைன்னு சொன்னா, 'சரிடா'ங்கற ஒரே வார்த்தைதான் பதில்.

எங்க கேங் இன்னும் வருஷம் ஒரு தடவை கூடுது. போன தடவை அந்த வந்தவாசிக்காரன்தான் பர்த்டே பேபி. இப்போ நல்ல வேலை, நல்ல சம்பளம். "எங்கடா போலாம்?"னு நாங்க கேட்கவே இல்லை. அவனா சொன்னான். "நம்ம ஹாஸ்டல் எதிர்க்க இருக்கற டீக்கடை."

எட்டு டீ, எட்டு பன் பட்டர் ஜாம். கடைசியில அவன் பாக்கெட்டுல கை விட்டப்போ, ஏழு பேரும் அவன் கையைப் பிடிச்சுக்கிட்டோம்.